தைலம் தேய்த்த கால்

எனக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் வந்தது. மதுரையில் அறுத்து எடுத்தார்கள். அதில் நன்றாகவே பிழைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்து, என் வீட்டுக்காரரின் பாசத்தில்தான் சாகக் கிடந்தேன். இதை அவர் எதிரில் சொன்னால் முகம் தொங்கிப்போகும். அதனால் அவர் கடைக்குக் கிளம்பிய பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன்.

கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கொடைக்கானலிலிருந்து வட்டக்கானலுக்கு இறங்குகிற வழியில், வேன்கள் நின்று ஆட்கள் பள்ளத்தைப் போட்டோ எடுக்கிற வளைவில் ஒரு தகரக் கொட்டகை. யூகலிப்டஸ் தைலம், மிளகு, ஏலக்காய், வீட்டில் செய்த சாக்லேட். தைலம்தான் அதிகம் ஓடும். தலைவலி, சளி, மூட்டுவலி, முதுகுப் பிடிப்பு, வண்டியில் வாந்தி என்று யார் எதைச் சொல்லிக்கொண்டு வந்தாலும் அவர் அதே பாட்டிலைத்தான் எடுத்து நீட்டுவார். ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம். அவரே அதை முழுசாக நம்புகிறவர். கல்யாணமான புதிதில் நான் மசக்கையில் வாந்தி எடுத்தபோது, அஜீரணம் என்று நினைத்து என் வயிற்றில் தைலம் தடவிவிட்ட மனிதர்.

நான் வீட்டில் இரண்டு அறைகளை டூரிஸ்டுகளுக்கு வாடகைக்கு விட்டு, அவர்களுக்கு இட்லியும் ஆம்லெட்டும் செய்து கொடுக்கிறவள். மாதவிடாய் நின்று சில வருஷம் கழித்து மறுபடியும் ரத்தம் பட்டது. பாலசமுத்திரத்தில் கட்டிக்கொடுத்த என் அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "சூடுடி அது. வெந்தயத்த ஊறப்போட்டு முழுங்கு" என்றாள். அக்கா மலைக்குக் கீழே, மாந்தோப்புக்கும் மக்காச்சோளக் காட்டுக்கும் நடுவில் வெயிலில் குடித்தனம் நடத்துகிறவள். அவளுக்கு எல்லாமே சூடு. இங்கே ஸ்வெட்டருக்குள் சுருண்டு கிடக்கிற எனக்கு எங்கிருந்து சூடு வரும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. வெந்தயம் முழுங்கினேன். ரத்தம் நிற்கவில்லை.

கொடைக்கானல் ஆஸ்பத்திரியில், நின்ற பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் பார்த்தே ஆக வேண்டும் என்று சொல்லி மதுரைக்கு அனுப்பினார்கள். சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். புற்றுநோய்தான் என்று வந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு என் வீட்டுக்காரர் எதிர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அழுகிறார் என்று தெரிந்தது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஆபரேஷன் செய்த டாக்டரம்மா அதிகம் பேச மாட்டார். நான் நேராகவே கேட்டேன்.

"பொழைப்பேனா டாக்டர்?"

"ஆரம்பத்துலயே வந்துட்டீங்க. கட்டி கர்ப்பப்பைக்குள்ளதான் இருக்குற மாதிரி தெரியுது. எடுத்துட்டா பெரும்பாலும் முடிஞ்சுது. ஆனா ஆபரேஷனுக்கு அப்புறம் ஒரு மாசம் நீங்க ஒழுங்கா இருக்கணும்."

"ஒழுங்கான்னா?"

"படுத்தே கெடக்கக் கூடாது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைக் கிழித்துத் தைத்த பிறகு படுக்காமல் வேறு என்ன செய்வார்கள் என்று கேட்டேன். "நடப்பாங்க" என்றார்.

பிறகு அவரே விளக்கினார். புற்றுநோய் இருக்கிற உடம்பில் ரத்தம் சீக்கிரம் கட்டிக்கொள்ளும். வயிற்றில் பெரிய ஆபரேஷன் செய்து, அசையாமல் படுத்தும் கிடந்தால், கெண்டைக்காலின் ஆழத்தில் ஓடுகிற ரத்தக் குழாயில் ரத்தம் கட்டிவிடும். அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போய் அடைத்தால் மூச்சு நின்றுவிடும். ஆபரேஷன் நன்றாக முடிந்து, வீட்டுக்கும் போய், சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போதே ஆட்கள் போய்விடுவதுண்டு. ஆகவே ஒரு மாசத்துக்கு மூன்று வேலை. நடக்க வேண்டும். மூச்சுப் பயிற்சி செய்ய வேண்டும். தினமும் வயிற்றில் ஒரு ஊசி போட வேண்டும். "கர்ப்பப்பைக் கட்டிய நான் எடுத்துருவேன். இது உங்க கையிலதான் இருக்கு" என்றார். அவர் சொன்னதில் எனக்குப் பயம் கொடுத்தது அதுதான்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது இரண்டு காலிலும் இறுக்கமான வெள்ளைக் காலுறை மாட்டியிருந்தார்கள். மறுநாளே ஒரு நர்ஸ் வந்து கையைப் பிடித்துக் கட்டிலை விட்டு இறக்கினாள். வலியில் அவளைத் திட்டினேன். நல்ல திட்டாகவே திட்டினேன். "திட்டிக்கிட்டே நடங்கம்மா, மூச்சுக்கு நல்லது" என்றாள். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமச் சொன்னாள். அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் சாமான் கொடுத்தாள். கண்ணாடி மாதிரி மூன்று அறை, அறைக்கு ஒரு பந்து, வாயில் வைக்க ஒரு குழாய். ஆயுசு முழுக்க அடுப்பு ஊதினவள் நான். வாயில் வைத்து ஒரே ஊதாக ஊதினேன். பந்து அசையவில்லை.

"ஊதாதீங்கம்மா. உள்ள இழுங்க. ஸ்ட்ரா போட்டு ஜூஸ் குடிக்கிறாப்புல."

இழுத்தேன். ஒரு பந்து எழுந்தது. மூன்றும் எழுந்து நிற்க வேண்டுமாம். படுத்துக்கொண்டே மூச்சை மேலோட்டமாக விட்டால் நுரையீரலின் அடிப்பக்கம் சுருங்கிச் சளி கட்டிவிடும், அதனால்தான் இது என்றாள். என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, விளையாட்டுப் பார்க்கிறவரைப் போல, "இன்னொண்ணு, இன்னொண்ணு" என்பார். மூன்றாவது பந்து எழுந்த அன்றைக்கு வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஊசி போடவும் அவர்தான் கற்றுக்கொண்டார். சின்ன ஊசி, மருந்து அடைத்தே வரும். தையலுக்குத் தள்ளி, தோலைக் கிள்ளிப் பிடித்துக் குத்த வேண்டும். முதல் தடவை அவர் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்து, "ஐயா, கண்ணத் தொறந்துட்டுக் குத்துங்க" என்று நர்ஸ் சொன்னாள். குத்திவிட்டு வெளியே போய் நெடுநேரம் வரவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது, வழியில் வண்டியை நிறுத்தி நிறுத்தி இறங்கி நடக்கச் சொன்னார்கள். வத்தலக்குண்டில் இறங்கி நடந்தேன். அப்புறம் மலையில் ஒவ்வொரு டீக்கடையிலும். காலை ஆட்டி ஆட்டி உட்கார்ந்து வந்தேன். அதுவரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது.

எங்கள் பக்கத்தில் வீடு கட்டச் சமதரை கிடையாது. சரிவை வெட்டி அதில் வீட்டைச் செருகியிருக்கும். ரோட்டில் நின்று பார்த்தால் எங்கள் வீட்டின் மொட்டைமாடிதான் தெரியும். ரோடும் மாடியும் ஒரே மட்டம், நடுவில் ஒரு சிமெண்டுப் பலகை. வீட்டு வாசலுக்குப் போவதென்றால் பக்கவாட்டில் படி இறங்க வேண்டும். வாசலை விட்டு அடுத்த எட்டு வைத்தால் மேடு, இல்லாவிட்டால் பள்ளம். டாக்டரம்மா சொன்னபடி நடப்பதற்கு இருக்கிற ஒரே சமதரை அந்த மாடிதான்.

எங்கள் ஒரே மகள் திருப்பூரில் கைக்குழந்தையோடு இருந்தாள். வர முடியவில்லை. அதனால் அக்கா வந்து சேர்ந்தாள், ஒரு சாக்கு நிறைய முருங்கைக்கீரை, பூண்டு, கருப்பட்டி எல்லாம் கட்டிக்கொண்டு. வந்ததும் ஜன்னல்களைச் சாத்தினாள். என் தலையில் துண்டைக் கட்டினாள். இரும்புச் சட்டியில் கரியைப் போட்டுக் கதவோரம் கணப்பு வைத்தாள்.

"பிள்ள பெத்தப்ப எப்பிடிப் படுத்திருந்தே? இதுவும் அதுதாண்டி. பச்ச ஒடம்பு. காத்து பட்டா ஜன்னி வந்துரும். அசையாமக் கெட."

"நடக்கச் சொல்லியிருக்காங்கக்கா."

"அவுக மதுரையில ஏசி ரூம்புல இருந்துக்கிட்டுச் சொல்லுவாக. இந்தக் குளிருல நடந்தா தையல் பிரிஞ்சு கொடல் வெளிய வந்துரும்."

தண்ணீர் கேட்டால் அரை டம்ளர்தான். அதிகம் குடித்தால் புண்ணில் நீர் கோத்துக்கொள்ளுமாம். நானும் அக்காவும் பிறந்ததிலிருந்து சண்டை போட்டே வளர்ந்தவர்கள். விடுவேனா? சொம்பைத் தூக்கி மடமடவென்று குடித்தேன். காலையில் வெயில் விழுந்ததும் வீட்டுக்காரரின் தோளைப் பிடித்து மெதுவாகப் படி ஏறி மாடிக்குப் போய்விடுவேன். குரங்குக் குல்லா, ஸ்வெட்டர், வெள்ளைக் காலுறை, வயிற்றில் அணைத்த தலையணை. இந்தக் கோலத்தில் மாடியில் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் நடப்பேன். ரோட்டில் போகிற டூரிஸ்டுகள் வேன் ஜன்னல் வழியாகக் கை ஆட்டுவார்கள். நானும் ஆட்டுவேன். கீழே அடுக்களையிலிருந்து அக்கா, "ஏண்டி, கூறுகெட்டவளே, ஊரே பாக்குது, எறங்கி வாடி" என்று கத்துவாள். வேண்டுமென்றே இன்னொரு நடை நடப்பேன்.

இப்படியே போயிருந்தால் எழுத ஒன்றும் இருந்திருக்காது. மழை பிடித்துக்கொண்டது. மாடி வழுக்கியது, பனிமூட்டத்தில் எதிர் ஓரம் தெரியவில்லை. மாடிக்குப் போகாமல் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். அப்போதுதான் ஒரு நாள் துணி மாற்றும்போது அக்கா என் வயிற்றைப் பார்த்துவிட்டாள்.

"ஆத்தாடி, என்னடி இது, வயிறெல்லாம் நீலம் பாரிச்சுக் கெடக்கு."

ஊசி குத்தின இடமெல்லாம் ரத்தம் கன்றி, நீலமும் பச்சையும் மஞ்சளுமாக இருந்தது. எனக்கும் பார்க்க நன்றாக இல்லை. அக்கா என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"தம்பி, இவ ஒடம்புல இருக்கதே கொஞ்சூண்டு ரத்தம். அதையும் குத்திக் குத்தித் தண்ணியாக்குறீங்களே."

"டாக்டரம்மா சொன்னாங்க மதினி."

"டாக்டரம்மா இதப் பாத்தாகளா?"

தினமும் என்னைக் குத்துவது என் வீட்டுக்காரருக்குத்தான் பெரிய தண்டனையாக இருந்தது. தன் கையால்தான் இந்த நீலம் வந்தது என்று நினைத்தாரோ என்னவோ, சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு நாள் நிறுத்திப் பாப்போமா புள்ள? நீலம் வடியட்டும்" என்றார். எனக்கும் அந்த ஊசி என்றாலே எரிச்சல். சரி என்றேன். மதுரைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். அந்த மழையில் போனுக்கு டவர் கிடைக்க, கடைக்கு எதிர்த்திசையில் மேட்டு வளைவு வரை ஏற வேண்டும். ஏறிக் கேட்கிற அளவுக்கு இது பெரிய விஷயமாக யாருக்கும் படவில்லை.

ஆனால் ரத்தம் கட்டிக்கொள்ளும் என்று டாக்டரம்மா சொன்னதை அவர் மறக்கவில்லை. மறந்திருந்தால்கூடத் தேவலை. அவர் யோசித்தார். இந்த ஊரில் காலையில் எழுந்தால் பாட்டிலில் தேங்காயெண்ணெய் கல்லாக இருக்கும். அடுப்போரம் வைத்தால் இளகி ஓடும். அதற்கு மேல் இளக வேண்டுமென்றால் உள்ளங்கையில் வைத்துத் தேய்க்க வேண்டும். ரத்தமும் அப்படித்தானே என்று முடிவு கட்டினார். குளிரில் அசையாமல் கிடந்தால் கட்டும். சூடு காட்டித் தேய்த்தால் ஓடும். ஊசி செய்கிற சோலியைத் தைலம் செய்துவிட்டுப் போகட்டும்.

அன்று சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு ஒரு பெரிய பாட்டிலோடு வந்தார். தைலத்தில் தேங்காயெண்ணெய் கலந்து கணப்பில் வைத்துச் சூடாக்கினார். என் காலுறையைக் கழற்றினார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, என் காலைத் தன் மடியில் வைத்து, பாதத்திலிருந்து முழங்கால் வரை அழுத்தி அழுத்தித் தேய்த்தார்.

சத்தியமாகச் சொல்கிறேன், அது சுகமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் எத்தனையோ கைகள் என் மேல் பட்டன. எல்லாம் வேலையாகப் பட்ட கைகள். இது அப்படி இல்லை. வீடு முழுக்கத் தைல வாடை. எத்தனையோ நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன். அக்காகூட, "உனக்கு வாச்ச புருசன் மாதிரி ஊருல எவளுக்கு வாச்சிருக்கான்" என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வருவது லேசுப்பட்ட காரியம் இல்லை. ரெண்டு நாள் என்று நிறுத்திய ஊசியைப் பற்றி அதன் பிறகு யாரும் பேச்செடுக்கவில்லை.

கொஞ்ச நாளில் இடது கெண்டைக்காலில் ஒரு கடுப்பு வந்தது. நடந்து நடந்து காலில் கடுப்பு வருவது எங்கள் மலையில் எல்லாருக்கும் உள்ளதுதான். தாண்டிக்குடியில் மேடு ஏறி ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தாலே எல்லாரும் காலை நீட்டித் தைலம் தேய்த்துக்கொண்டுதான் படுப்போம். கடுப்புக்கு டாக்டரைப் பார்த்தவர் என்று எங்கள் தெருவில் ஒருவர்கூட இல்லை. அடுத்த நாள் குளிருக்குக் கம்பளி சாக்ஸ் மாட்டும்போது இடது சாக்ஸ் மட்டும் ஏறவில்லை. ஏறின பிறகு விளிம்பு சதையில் புதைந்து தெரிந்தது. வலது கால் சாதாரணமாக இருந்தது.

"மாடியில குதிச்ச குதிக்கு வீங்காம என்ன செய்யும்?" என்றாள் அக்கா.

அவர் இடது காலுக்குக் கூடுதலாக நேரம் எடுத்துக்கொண்டார். வலிக்கிற இடத்தைக் கட்டை விரலால் தேடிப் பிடித்து அழுத்தினார். அடுத்த நாள் சாயங்காலமும் அதே. "கல்லு மாதிரி இருந்துச்சு, இப்பக் கொஞ்சம் எளகியிருக்கு" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு திருப்தி.

மறுநாள் மழை விட்டு வெயில் வந்தது. வெள்ளனே எழுந்து மாடிக்குப் போனேன். ஆஸ்பத்திரிக் காலுறை இல்லாமல், ஒரு கால் வீங்கி, ஆனாலும் வெளிக்காற்று பட்ட சந்தோஷத்தில் நடக்க ஆரம்பித்தேன். பாதி மாடி போவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது.

நின்றேன். சிறு வயதில் அப்பாவோடு கேரட் மூட்டைக்குப் பின்னால் மேடு ஏறி வளர்ந்தவள் நான். மேட்டில் மூச்சு வாங்குவது எனக்குத் தெரியும். அது வாங்கும், நின்றால் அடங்கும். இது சமதரை. நின்ற பிறகும் அடங்கவில்லை. இழுக்க இழுக்க உள்ளே போதவில்லை. விலாவில் ஊசி குத்துவது போல ஒரு குத்து. டாக்டரம்மா சொன்னது அத்தனையும் ஒரே நொடியில் ஞாபகம் வந்தது. கெண்டைக்கால், கட்டி, நுரையீரல். பயந்துவிட்டேன். புற்றுநோய் என்று சொன்னபோதுகூட நான் அப்படிப் பயப்படவில்லை.

அவர் கடைக்குக் கிளம்பி ரோட்டில் நின்றுகொண்டிருந்தார்.

"ஏங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க."

"என்ன புள்ள செய்யுது?"

"மூச்சு முட்டுது."

"செத்த உக்காரு, சரியாப் போயிரும். இந்தா, இத நெஞ்சுல…" என்று சட்டைப் பையில் கையை விட்டார். அதில் எப்போதும் ஒரு சின்னத் தைல பாட்டில் இருக்கும்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரிடம் அப்படி ஒரு குரல் நான் எடுத்ததில்லை. எடுக்க மூச்சும் இல்லை. "தைலத்தத் தூக்கிப் பள்ளத்துல போடுங்க. வண்டியக் கூப்பிடுங்க வெரசா" என்றேன்.

பக்கத்து வீட்டு ஜீப்காரர் வண்டியைக் கொண்டுவந்து மாடியை ஒட்டி நிறுத்தினார். நான் கீழே வீட்டில் இருந்திருந்தால் படி ஏற்றித்தான் கொண்டுவந்திருக்க வேண்டும். அந்தப் படியே என்னை முடித்திருக்கும் என்று பிறகு சொன்னார்கள். பிளாஸ்டிக் சேரோடு தூக்கி, சிமெண்டுப் பலகையைத் தாண்டி, முன் சீட்டில் வைத்தார்கள். அக்கா மூச்சிரைக்கப் படியேறி ஓடி வந்தாள். செருப்புகூடப் போடாமல் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அவளை அப்படி நான் பார்த்ததில்லை.

கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர், பெண். விரலில் ஒரு கிளிப்பை மாட்டிப் பார்த்ததும் முகம் மாறியது. ஆக்சிஜன் வைத்தார். போர்வையை விலக்கி இரண்டு காலையும் சேர்த்துப் பார்த்தார். பிறகு மூக்கைச் சுருக்கினார்.

"தைலமா? இந்தக் கால யார் தேய்ச்சது?"

என் வீட்டுக்காரர் கட்டில் காலடியில் நின்றுகொண்டிருந்தார். நான் அவர் பக்கம் பார்க்கவில்லை.

"நான்தான் டாக்டர். கடுத்துச்சு, நானே தேய்ச்சுக்கிட்டேன்."

டாக்டர் என் வயிற்றுத் தையலைப் பார்த்தார். "இத வச்சுக்கிட்டுக் குனிஞ்சு, நீங்களே கெண்டைக்கால் வரைக்கும் தேய்ச்சீங்களா?"

"ஆமாங்க."

அவர் நிமிர்ந்து என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அதற்கு மேல் கேட்கவில்லை. நல்ல பெண். என்னிடம் சொல்வது போலத்தான் சொன்னார். "தைலத்து மேல தப்பு இல்லம்மா. ஆபரேஷன் ஆனவங்களுக்கு ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சா உள்ள ரத்தம் கட்டியிருக்கலாம். அத அமுக்கித் தேய்ச்சா பிஞ்சு மேல போயிரும். வலிக்குது வீங்குதுன்னா கைய வைக்காம உடனே வந்துரணும்." ஒரு ஊசி போட்டார். நாங்கள் நிறுத்திய அதே மருந்துதானாம், அளவு மட்டும் அதிகம். மதுரைக்கு ஆம்புலன்ஸ் சொன்னார்.

அன்றைக்கு விடுமுறை நாள். மலை ஏறுகிற கார்கள் வளைவுக்கு வளைவு அடைத்து நின்றன. சைரன் போட்டும் வண்டி ஊர்ந்துதான் போனது. அக்கா என் தலைமாட்டில் உட்கார்ந்து ஜெபம் மாதிரி எதையோ முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். அவர் கால்மாட்டில் இருந்தார். வளைவில் வண்டி சாயும்போதெல்லாம் என் கால் அவர் பக்கம் சரியும். அவர் சட்டென்று விலகிக்கொள்வார். இரண்டு கைகளையும் அக்குளில் இறுக்கி வைத்துக்கொண்டிருந்தார். குளிருகிறதா என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரியில சோப்புப் போட்டுக் கழுவினேன் புள்ள" என்றார். "வாட போக மாட்டேங்குது."

நான் ஆக்சிஜன் முகமூடியைக் கழற்றி, "செத்தா நீங்க தேய்ச்சதால சாக மாட்டேன், இந்த டிராபிக்ல மாட்டித்தான் சாவேன்" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். ஆம்புலன்ஸ்காரர் என்னை முகமூடியைப் போடச் சொல்லித் திட்டினார்.

சாகவில்லை. இடது காலில் நீளமாக ஒரு கட்டி, நுரையீரலில் அதிலிருந்து பிய்ந்து போன சின்னத் துண்டு என்று ஸ்கேனில் வந்தது. துண்டு சின்னது என்பதால்தான் நான் இதை எழுதுகிறேன். ஊசியை ஏன் நிறுத்தினீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். நீலத்தைச் சொன்னோம். அவருக்குக் கோபம் வந்தது, ஆனால் எங்கள் மேல் மட்டும் இல்லை. "ஊசி போட்ட எடம் நீலமாத்தான் ஆகும். அதச் சொல்லி அனுப்பியிருக்கணும்" என்று பக்கத்தில் நின்ற நர்ஸிடம் சொன்னார். வெட்டி எடுத்த கர்ப்பப்பையின் ரிப்போர்ட்டும் அந்த வாரமே வந்தது. எங்கும் பரவவில்லை, மேற்கொண்டு வைத்தியம் தேவையில்லை. ஆக்சிஜன் முகமூடிக்குள் இருந்து அந்தச் சேதியைக் கேட்டேன். ஒரே நேரத்தில் சந்தோஷப்படவும் மூச்சு விடவும் என்னால் முடியவில்லை.

அதற்குப் பிறகு மாதக் கணக்கில் ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டேன். பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வரும், எங்காவது இடித்தால் நீலம் பாரிக்கும். இந்தத் தடவை வீட்டில் யாரும் மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. அக்கா பாலசமுத்திரத்துக்குத் திரும்பிப் போனாள். அங்கே யாருக்காவது ஆபரேஷன் என்றால் போதும், முதல் ஆளாகப் போய் நின்று, "எந்திரிச்சு நடங்கடி, படுத்துக் கெடந்து சாகப்போறீகளா" என்று விரட்டுகிறாளாம். அவள் விரட்டினதில் குடலிறக்க ஆபரேஷன் ஆன ஒரு கிழவர் வீட்டை விட்டே ஓடிவிட்டார் என்று அவள் மருமகள் போனில் சொல்லிச் சிரித்தாள்.

என் வீட்டுக்காரர் கடையை மூடிவிடுவாரோ என்று பயந்தேன். மூடவில்லை. தைலம் கேட்பவர்களிடம், "யாருக்குங்க? வீட்டுல ஆபரேஷன் ஆனவங்க இருக்காங்களா? கால் வீங்கியிருக்கா?" என்று விசாரணை வைக்கிறார். வேனிலிருந்து இறங்கியவர்கள், ஒரு பாட்டில் கேட்டதற்கு இத்தனை கேள்வியா என்று பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். போகட்டும் என்று விட்டுவிடுகிறார்.

எனக்கு வருத்தமாக இருந்தது வேறு ஒன்று. அவர் என்னைத் தொடுவதில்லை. டம்ளரை நீட்டினால்கூட விளிம்பைப் பிடித்து வாங்குவார். படி ஏறும்போது தோள் கொடுப்பவர், இப்போது ஒரு தடி வெட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். இடது கால் சாயங்காலம் ஆனால் இன்னமும் லேசாக வீங்கும். அதைப் பார்த்தால் எழுந்து வெளியே போய்விடுவார். நான் கோபப்பட்டும் பார்த்தேன், கேலி செய்தும் பார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை.

போன மாதம் மதுரையில் மறுபடியும் ஸ்கேன் எடுத்தார்கள். கால் சுத்தம், நெஞ்சு சுத்தம். மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். லேசாகக் காலைப் பிடித்துவிடலாமா என்று அவர் எதிரிலேயே டாக்டரம்மாவைக் கேட்டேன். "தாராளமா" என்றார். இவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் அவர் கட்டிலில் உட்கார்ந்து ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, இடது காலைத் தூக்கி அவர் மடியில் வைத்தேன்.

"வேணாம் புள்ள."

"டாக்டரம்மா சொன்னது காதுல விழலையா?"

"விழுந்துச்சு."

"அப்பறம் என்ன? எனக்கு வேணுமுங்க."

என் காலைப் பூனைக்குட்டியை இறக்குவது போல மெதுவாகக் கீழே இறக்கி வைத்துவிட்டு எழுந்தார். சரி, இன்றைக்கும் வெளியேதான் போகப்போகிறார் என்று எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அவர் வெளியே போகவில்லை. பீரோ மேலே கையை விட்டுத் துழாவினார். அந்த மூன்று பந்துச் சாமானை எடுத்து, வேட்டி முனையால் தூசியைத் துடைத்து, என் கையில் கொடுத்தார்.

"மொதல்ல இத இழு" என்றார்.

குழாயை வாயில் வைத்து இழுத்தேன். ஒரு பந்து எழுந்தது. இரண்டாவது எழுந்தது. அவர் குனிந்து என் முகத்தையும் பந்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, "இன்னொண்ணு, இன்னொண்ணு" என்றார். மூன்றாவதும் எழுந்தது. விடாமல் பிடித்து நிறுத்தினேன். பந்து கீழே விழும் வரை அவர் கண்ணை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து என் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். தைலம் எடுக்கவில்லை, தேய்க்கவும் இல்லை. கையை மட்டும் காலின் மேல் வைத்திருந்தார்.